அக்கரையில் ஒரு வெள்ளி, இக்கரையில் மூன்று வெள்ளி... தெரியுமா?

நீளம் 1,056 மீட்டர். வேகமாக நடந்தால் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். அந்தக் கால் மணி நேரத்துக்குள் நாடு மாறும், காசு மாறும், பெட்ரோல் விலை நான்கு மடங்கு ஏறும் அல்லது இறங்கும், வாங்க நினைத்த கார் கைக்கு எட்டாமல் போகும், சராசரி ஆயுளில்கூட எட்டு வருடம் வித்தியாசப்படும்! இப்படி ஒரு பாலம் உலகத்தில் இருக்கிறது, தெரியுமா?

மலேசியாவின் ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்சையும் இணைக்கும் கடற்பாலம்தான் அது. பெயர்தான் பாலம். உண்மையில் நீரிணைக்குள் கருங்கல்லைக் கொட்டி நிரப்பி, மேலே சாலையும் தண்டவாளமும் போட்டிருக்கிறார்கள். 1923இல் முதல் ரயில் ஓடியது, 1924 ஜூனில் திறப்பு விழா நடந்தது. 1942 ஜனவரி 31ஆம் தேதி, பின்வாங்கி ஓடிய பிரிட்டிஷ் படை இதை வெடிவைத்துப் பிளந்தது. பாலத்தோடு சேர்ந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயும் போயிற்று! ஜப்பானியர்கள் படகுகளில் நீரிணையைக் கடந்து உள்ளே நுழைந்தார்கள், பிறகு உடைப்பையும் சரிசெய்துகொண்டார்கள். பாலம் உடைந்த இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் விழுந்தது.

இந்த இரண்டும் ஒரே நாடாக இருந்தவை என்பது பலருக்குத் தெரியும். எத்தனை நாள் இருந்தன தெரியுமா? 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை, முழுதாக இரண்டு வருடம்கூட இல்லை! பிரிந்தபோது இரு பக்கத்துத் தலா வருமானத்துக்கும் இருந்த இடைவெளி இரண்டு மடங்குக்கும் குறைவுதான். இன்று? சிங்கப்பூரில் ஆளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 90,000 அமெரிக்க டாலர், மலேசியாவில் 12,000. ஏழு மடங்குக்கும் மேல்!

அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். விலைவாசியையும் கணக்கில் சேர்த்து, அந்தக் காசுக்கு என்ன வாங்க முடியும் என்று பார்த்தால் இதே இடைவெளி நான்கு மடங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. மூன்று மடங்கு எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? அந்த மூன்று மடங்கைப் பிடிக்கத்தான் தினமும் மூன்று லட்சம் பேருக்கும் மேல் பாலத்தில் முண்டியடிக்கிறார்கள்!

இந்தக் காசு விஷயத்தைக் கொஞ்சம் கேளுங்கள். ஒரு காலத்தில் சிங்கப்பூர் டாலரும் மலேசியக் காசும் ஒன்றுக்கு ஒன்று! அங்கே போய் இதைக் கொடுக்கலாம், இங்கே வந்து அதைக் கொடுக்கலாம். 1973 மே மாதத்தோடு அந்த ஏற்பாடு முடிந்தது. அதன் பிறகு இரண்டும் தனித்தனி வழியில் போக, இப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கிறது. (இரண்டு பக்கத்துத் தமிழர்களும் தங்கள் காசை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.) பக்கத்திலிருக்கும் குட்டி நாடான புருணை மட்டும் பழைய ஏற்பாட்டைக் கைவிடவில்லை. புருணை டாலரைச் சிங்கப்பூர்க் கடையில் நீட்டினால் இன்றும் ஒன்றுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்வார்கள்!

சம்பளம்? 2024இல் சிங்கப்பூரில் முழுநேர வேலை செய்வோரின் நடுநிலைச் சம்பளம், அதாவது பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை, முதலாளி கட்டும் மத்திய சேமநிதிப் பங்கையும் சேர்த்து மாதம் 5,500 வெள்ளி. மலேசியாவில் அதே கணக்கு 3,000 ரிங்கிட்டைத் தொடவில்லை. இன்னொரு வேடிக்கை தெரியுமா? குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று எல்லாருக்கும் பொதுவாகச் சட்டம் போட்டிருப்பது பணக்காரச் சிங்கப்பூர் இல்லை, மலேசியா! 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700 ரிங்கிட். சிங்கப்பூரில் துப்புரவு, காவல் என்று துறைவாரியாகப் படிக்கட்டு முறை உண்டே தவிர நாடு முழுவதற்கும் ஒரே தொகை கிடையாது.

அதனால்தான் அந்த மோட்டார் சைக்கிள் வெள்ளம். காலை நான்கு மணிக்கு ஜோகூர் பாருவில் விளக்குகள் எரியத் தொடங்கும். ஐந்து மணிக்குள் பாலம் முழுக்க ஹெல்மெட்டுகள். தொழிற்சாலை ஊழியர், தாதியர், பாதுகாவலர், கணக்காளர், பேருந்து ஓட்டுநர் என்று எல்லாரும் தூக்கத்தை மலேசியாவில் வைத்துவிட்டு உழைப்பைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகிறவர்கள். ஒரு பக்கத்துச் சம்பளத்தை இன்னொரு பக்கத்து வாடகையால் வகுத்தால் வரும் விடைக்காக, தினமும் மூன்று நான்கு மணி நேரத்தைச் சாலைக்கும் வரிசைக்கும் எழுதிக் கொடுத்தவர்கள். வாழ்க்கைத்தரப் பட்டியல்கள் இவர்களை எந்த நாட்டில் சேர்க்கின்றன என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். சம்பளம் அங்கே ஏறுகிறது, ஆயுள் இங்கே எண்ணப்படுகிறது, தூக்கம் கெடுவது எந்தக் கணக்கிலும் வருவதில்லை!

எதிர்த்திசையிலும் கூட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலையானால் சிங்கப்பூரர்கள் முடிவெட்ட, பல் பார்க்க, காருக்கு டயர் மாற்ற, மளிகை வாங்க, மீன்தலைக் கறி சாப்பிட அந்தப் பக்கம் பறக்கிறார்கள். பள்ளி விடுமுறை சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2024இல், இந்தப் பாலத்தையும் மேற்கே துவாஸில் உள்ள இரண்டாவது பாலத்தையும் சேர்த்து, ஒரே நாளில் 5 லட்சம் பேருக்கு மேல் கடந்தார்கள். சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையே 60 லட்சம்தான்!

சரி, பெட்ரோல் கதைக்கு வருவோம். இது அசல் வேடிக்கை! சிங்கப்பூர்க் காரை ஓட்டிக்கொண்டு மலேசியாவுக்குப் போக வேண்டுமானால் பெட்ரோல் டேங்கில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டமே இருக்கிறது, தெரியுமா? காலி டேங்கோடு போய் அங்கே மலிவாக நிரப்பிக்கொண்டு திரும்பிவிடக் கூடாதாம்! 1989இல் அரை டேங்க் என்று ஆரம்பித்தார்கள். அதற்கும் மக்கள் அசராததால் 1991இல் முக்கால் ஆக்கினார்கள். மீறினால் 500 வெள்ளி வரை அபராதம், வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மக்கள் சும்மா இருப்பார்களா? முள்ளை ஏமாற்றி டேங்க் நிறைந்ததாகக் காட்டும் கில்லாடித்தனம் வந்தது. அதையும் குற்றமாக்கிச் சட்டம் வந்தது!

மலேசியாவும் விடவில்லை. தன் குடிமக்களுக்காக மானியம் கொடுக்கும் ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு எண் பலகை கொண்ட வண்டிக்கு விற்கக் கூடாது என்று 2010இலேயே தடை போட்டது. மலேசியக் குடிமக்களுக்கு 2025 செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த விலை லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். அதே 95ரகப் பெட்ரோலுக்குச் சிங்கப்பூர்க்காரர் தன் ஊரில் கொடுப்பதை ரிங்கிட்டாக மாற்றினால் நான்கு மடங்குக்கும் மேல். ஆக, ஒரு நாடு தன் மக்களைப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறது, இன்னொரு நாடு போடாதே என்கிறது. நடுவில் சிக்கியவர் மானியம் இல்லாத ரான் 97ஐ நிரப்பிக்கொண்டு, அதுவும் நம்மூரைவிட மலிவுதானே என்று சிரித்தபடி திரும்புகிறார்!

காருக்குள் வந்துவிட்டோம், இறங்குவதற்குள் இதையும் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் கார் வாங்கப் பணம் மட்டும் போதாது. கார் வைத்துக்கொள்ளும் உரிமையை முதலில் ஏலத்தில் எடுக்க வேண்டும்! வாகன உரிமைச் சான்றிதழ் என்று பெயர். 1990இல் தொடங்கியது, பத்து வருடம்தான் செல்லுபடியாகும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போனது. அந்தக் கடைசி ஒரு வெள்ளியை யார் கூட்டிவைத்தாரோ! சிறிய கார்களுக்கே அந்த மாதம் 1,06,000. இது காருக்கு அல்ல, காகிதத்துக்கு! மலேசியாவின் செல்லப்பிள்ளையான பெரோடுவா மைவி கார் ஏறத்தாழ 50,000 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சிங்கப்பூரில் வெறும் சான்றிதழுக்குக் கட்டும் தொகைக்கு ஜோகூரில் ஆறு மைவி வாங்கி வாசலில் வரிசையாக நிறுத்தலாம்!

நிறுத்தியும் இருக்கிறார்கள். மலேசியாவில் மக்கள்தொகையைவிடப் பதிவான வாகனங்கள் அதிகம் என்று அந்நாட்டு அரசே சொல்கிறது. கார் இருக்கிறது, சரி. ஆனால் கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத தாமான்களில், அதாவது குடியிருப்புப் பேட்டைகளில், பலர் வசிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க்காரர் கார் இல்லாமல் கவலையில்லாமல் பெருவிரைவு ரயிலில் போகிறார். இதில் எது வசதி, எது வசதிக்குறைவு? சாலை விபத்தைப் பாருங்கள், விடை கொஞ்சம் தெரியும். மலேசியாவில் வருடத்துக்கு 6,000 பேருக்கும் மேல் சாலையில் உயிர்விடுகிறார்கள். சிங்கப்பூரில் 150ஐத் தொடுவதில்லை. மக்கள்தொகை வித்தியாசம் ஆறு மடங்குகூட இல்லை, சாவின் வித்தியாசம் நாற்பது மடங்கு! மலேசியாவில் அப்படி இறப்பவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள்.

வீடு? ஓ, அது பெரிய கதை. 1961 மே மாதம் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்து சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். முந்தைய வருடம் பிறந்திருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே கட்டத் தொடங்கியது. இன்னும் நிறுத்தவில்லை! இன்று சிங்கப்பூரில் வசிப்போரில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் அந்தக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். குடும்பங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் சொந்த வீட்டில்! அரசு கட்டிய வீட்டில் பெரும்பான்மையோர் குடியிருக்கும் பணக்கார நாடு வேறு எது சொல்லுங்கள் பார்ப்போம்?

ஆனால் சொந்தம் என்றால் எவ்வளவு நாளைக்குச் சொந்தம் தெரியுமா? 99 வருடத்துக்கு! பிறகு நிலம் அரசுக்கு. கல்யாணம் ஆகாதவரா? 35 வயது வரை காத்திருங்கள், அதற்கு முன் தனியாளாக வாங்க முடியாது. எந்த இனத்தார் எந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் 1989 முதல் அளவு உண்டு. அதனால் தன் வீட்டை விற்க நினைக்கும் தமிழர் சில கட்டடங்களில் சீனருக்கு விற்க முடியாமல் வேறு இனத்தாரைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும், விலையும் இறங்கிப்போகும். ஆனால் எந்த இனத்துக்கும் தனிச்சேரி உருவாகாமல் போனதும் இதே சட்டத்தால்தான். விலையோ, 2024இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழக வீடுகள் பத்து லட்சம் வெள்ளிக்கும் மேல் கைமாறின. மானிய விலையில் பிறந்த வீடு கோடீஸ்வரர் வீடாகிறது!

பாலத்தைத் தாண்டினால் ஜோகூரில் வாசல், கேட், முன்னால் காரும் மாமரமும், மாடியில் மூன்று படுக்கையறை என்று தரைவீடு. பல இடங்களில் நிலமும் காலாகாலத்துக்கும் சொந்தம். சிங்கப்பூர் நாலறை வீட்டுக்குப் போடும் பணத்தில் ஒரு துண்டு போதும். ஆனால் அங்கேயும் சட்டம் ஆளைப் பார்க்கிறது. 1971இல் கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் வழியில், பூமிபுத்ராக்கள் எனப்படும் மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடிகளுக்கும் புதுவீட்டு விலையில் தள்ளுபடியும் ஒதுக்கீடும் உண்டு. மலேசியத் தமிழருக்கு அது கிடையாது. ஆக, கரைக்கு ஒரு விதமாக இன அடையாளம் வீட்டுப் பத்திரம்வரை வந்துவிடுகிறது.

இனி தண்ணீர். இதைக் கேட்டால் மயங்கிவிடுவீர்கள்! 1962இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன், அதாவது 113 கோடி லிட்டருக்கும் மேல், சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். விலை? ஆயிரம் கேலனுக்கு 3 சென்! நம் காசில் ஒரு ரூபாய்கூட ஆகாது! 4,500 லிட்டர் தண்ணீர் ஒரு ரூபாய்க்கும் குறைவாக! மலேசியாவில் அரசியல் சூடாகும்போதெல்லாம் இந்த 3 சென் கிளம்பிவரும். ஆனால் கதையின் மறுபாதி தெரியுமா? அதே தண்ணீரைச் சிங்கப்பூர் சுத்திகரித்து, ஒரு பகுதியை ஜோகூருக்கே திருப்பி விற்கிறது, ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு. சுத்திகரிக்க ஆகும் செலவைவிட அது குறைவு என்கிறது சிங்கப்பூர். இந்த விலைக்கு யார் யாருக்கு உதவி செய்கிறார் என்று கேட்டால் எந்தக் கரையில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்!

ஒப்பந்தம் முடியும் வருடம் 2061. அதற்குள் தன் காலில் நிற்க வேண்டும் என்று சிங்கப்பூர் துடிப்பதைப் பாருங்கள். வீட்டுக் கழிவுநீரையே சுத்திகரித்து, நியூவாட்டர் என்று பெயரிட்டு 2003 முதல் குழாயில் விடுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஐந்து. பெய்கிற மழையைப் பிடித்துவைக்கத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலப்பரப்பு! மழை கொட்டும் நாடு தண்ணீருக்கு இத்தனை பாடுபட வேண்டுமா என்றால், தேக்கிவைக்க இடம் இல்லையே! கடலைத் தூர்த்துத் தூர்த்து 581 சதுர கிலோமீட்டரை 735 வரை இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மலேசியா அதைப் போல சுமார் 450 மடங்கு பெரியது.

கோழிக்கதை தெரியுமா? 2022 ஜூன் மாதம் மலேசியாவில் கோழித் தட்டுப்பாடு. ஏற்றுமதியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். மறுகரையில் கூச்சல்! சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு மலேசியக் கோழி, அதுவும் உயிரோடு லாரியில் பாலம் ஏறி வந்து அன்றன்றைக்கு அறுபடுவது. சிங்கப்பூரின் அடையாளமே கோழிச்சோறு! சில கடைகள் கதவைச் சாத்தின, சில கடைகள் உறைகோழிக்கு மாறி முகம் சுளித்தன. உலகமே பொறாமைப்படும் வருமானம் இருக்கிறது, தட்டில் கோழி இல்லை! உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு அது நல்ல குட்டு.

சாப்பாட்டில் போட்டி வேறு. சிங்கப்பூர் தன் உணவங்காடிக் கலாசாரத்தை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியது. பொறுப்பார்களா? மலேசியா தன் காலை உணவுக் கலாசாரத்தை 2024இல் ஏற்றிவிட்டது! நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தேத்தாரே என்ற பால்தேநீரும் இனி மனிதகுலத்தின் சொத்து. அதே ரொட்டி அக்கரையில் பிராட்டா என்ற பெயரில், இரண்டு மூன்று மடங்கு விலையில், கறிக்கிண்ணம் கொஞ்சம் சிறியதாக!

அந்தத் தேத்தாரேவில் போடும் சர்க்கரையின் பலன் என்ன தெரியுமா? மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. சிங்கப்பூரில் பதினொன்று பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு. அதுவே அதிகம் என்று சிங்கப்பூர் 2016இல் நீரிழிவின் மேல் போர் தொடுத்தது; 2022 டிசம்பரிலிருந்து இனிப்புப் பானங்களின் மேல் ஏ, பி, சி, டி என்று தரக்குறி ஒட்டவும் வைத்துவிட்டது! சராசரி ஆயுள் சிங்கப்பூரில் 83ஐத் தாண்டியிருக்கிறது, மலேசியாவில் 75 சொச்சம். ஆனால் மலேசியக் குடிமகன் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளியாக மருத்துவரைப் பார்க்கக் கட்டுவது எவ்வளவு? ஒரே ஒரு ரிங்கிட்! நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்! சிங்கப்பூரில் சம்பளத்திலிருந்து மருத்துவச் சேமிப்பாகப் பிடித்துவைத்த பணத்தை எடுத்துக் கட்ட வேண்டும், அதற்கு மேல் காப்புறுதி. மலிவான பக்கத்தில் வரிசை நீளம், நீளமான ஆயுளின் பக்கத்தில் ரசீது நீளம்.

தமிழைச் சொல்லாமல் இருக்க முடியுமா? சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. டாலர் நோட்டில் தமிழில் 'சிங்கப்பூர்' என்று அச்சிட்டிருக்கும், நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். 2023இல் 70.4 சதவீத வாக்கு பெற்று அதிபரான தர்மன் சண்முகரத்தினம் இலங்கைத் தமிழ் வழிவந்தவர். அப்படிப்பட்ட நாட்டில் தமிழ்வழிப் பள்ளிகள் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை! கடைசியாக இருந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. இப்போது தமிழ் ஒரு பாடம் மட்டுமே. தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதியே இல்லாத மலேசியாவிலோ தமிழ்ப் பள்ளிகள் 520க்கும் மேல்! கணிதமும் அறிவியலும் தமிழில் படிக்கும் பிள்ளைகள்! ஆரம்பப் பள்ளியோடு சரி, இடைநிலைக்குப் போனால் மலாய்தான். ஆனாலும் தோட்டப்புறத்துக் கூரைக் கொட்டகையில் தொடங்கிய பள்ளிகளை நூறு வருடம் தாண்டியும் விடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டில் மலேசியத் தமிழர் நிமிர்ந்து நிற்கலாம்.

தைப்பூசத்தையும் கேளுங்கள். ஜோகூரில் அன்று பொது விடுமுறை. சிங்கப்பூரில் கிடையாது! 1968இல் விடுமுறை நாள்களைக் குறைத்தபோது இந்துக்களுக்குத் தீபாவளி மிஞ்சியது, தைப்பூசம் போனது. ஜோகூரில் காவடி பார்க்க ஊரே விடுமுறையில் இருக்கும் அதே காலையில், சிங்கப்பூரில் காவடி எடுப்பவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்!

இரண்டு நாடும் ஒரே நொடியில் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கதை இன்னும் அதிசயம். அப்போது மலேசியத் தீபகற்பத்தின் நேரம் ஒன்று, கடல் தாண்டி இருக்கும் சபா, சரவாக்கின் நேரம் அரை மணி முன்னால். ஒரே நாட்டுக்கு இரண்டு நேரமா என்று பிரதமர் மகாதீர் தீபகற்பத்தை அரை மணி முன்னால் தள்ள முடிவெடுத்தார். சிங்கப்பூருக்கு இதில் என்ன வேலை? ஒன்றுமில்லை! ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நேரம், இந்தப் பக்கம் ஒரு நேரம் என்றால் வியாபாரம் என்னாவது? 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு இரு கரையிலும் முள்ளை நகர்த்தினார்கள், அரை மணி நேரம் காணாமல் போய் 1982 பிறந்தது! அதனால்தான் இரண்டு ஊரிலும் சூரியன் வருடம் முழுக்க ஏழு மணிவாக்கில்தான் எட்டிப்பார்க்கிறது, பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். நேரம் மட்டுமா, தலைவர்களும் பாலம் கடந்தவர்கள்தான். மகாதீரே சிங்கப்பூரில் மருத்துவம் படித்தவர். எதிர்ப்பக்கம், சிங்கப்பூர் அதிபராக இருந்த எஸ்.ஆர்.நாதன் சிறுவயதில் வளர்ந்தது ஜோகூரின் மூவாரில்!

பட்டியல் பிரியர்களுக்கு மூன்றே வரி. ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் 0.8ஐத் தாண்டினால் மிக உயர்ந்த பிரிவு, சிங்கப்பூர் 0.94க்கு மேல் என்றாலும் மலேசியாவும் 0.8ஐத் தாண்டி அதே பிரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது! 2024 உலக மகிழ்ச்சி அறிக்கையில் சிங்கப்பூருக்கு 30ஆம் இடம், மலேசியாவுக்கு 59. ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சராசரி 2024இல் சிங்கப்பூரில் 0.97, ஒன்றுகூட இல்லை. மலேசியாவில் ஒன்றரைக்குச் சற்று மேல், அதுவும் இறங்குமுகம்தான்.

இத்தனை வேடிக்கைக்கும் அடியில் எவ்வளவு பெரிய ஆபத்து இருந்தது என்பது 2020 மார்ச் 18ஆம் தேதி தெரிந்தது. கொரோனாவுக்காக மலேசியா எல்லையை மூடியது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஒரு நாளும் கொஞ்சமும்தான். முந்தைய இரவு வேலை போய்விடும் என்ற பயத்தில் துணிமூட்டையோடு ஆயிரக்கணக்கானோர் பாலம் கடந்தார்கள். படுக்க இடம் கிடைக்காமல் சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு வெளியே தரையில் படுத்தார்கள். ஒரு மாதம் என்று நினைத்துப் போனவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் ஊர் திரும்பும் வழி ஓரளவு திறக்க 2021 நவம்பர் 29 ஆயிற்று. அப்போதும் தடுப்பூசி போட்டவர்களுக்கு, குறிப்பிட்ட பேருந்தில் மட்டும். பேருந்துக் கட்டுப்பாடு இல்லாமல் திறந்தது 2022 ஏப்ரல் 1. கண்ணுக்குத் தெரியும் கரையில் வீடு, இரண்டு வருடமாய் நினைத்தபோது போக முடியாது! கைக்குழந்தையாய் விட்டுப்போன பிள்ளை நடந்து வந்து நின்றபோது அப்பாவை அடையாளம் தெரியாத வீடுகள் உண்டு. அந்த மாதங்களில் ஜோகூர் பாருவின் கடைத்தெரு வெறிச்சோடியது, சிங்கப்பூர் முதலாளிகள் ஆள் இல்லாமல் தவித்தார்கள். வாழ்க்கைத்தரம் என்று இரு நாடும் தனித்தனியாகக் கணக்குக் காட்டுவதில் பாதி அடுத்த நாட்டிலிருந்து கடன் வாங்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கடைசியாக ரயில். சிங்கப்பூர் நகருக்குள்ளேயே, தஞ்சோங் பகார் ரயில் நிலையமும் அதிலிருந்து எல்லை வரை போன தண்டவாள நிலமும் 2011 வரை மலேசிய ரயில்வேயின் வசம் இருந்தன, தெரியுமா? தனி நாடாகி 46 வருடம் கழித்தும்! 2011 ஜூன் 30 இரவு அங்கிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஓட்டியவர் யார்? ஜோகூர் சுல்தான் இப்ராஹிம், இன்றைய மலேசிய மாமன்னர்! அதே பெயர் கொண்ட அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில்தான் பாலம் கட்டப்பட்டது.

அடுத்தது வருகிறது புது ரயில். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர், பயணம் ஐந்தே நிமிடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். 2026 இறுதி என்பது இரு அரசுகளும் சொல்லிவைத்த கெடு. ஏறும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும், இறங்கியதும் நேரே நடக்க வேண்டியதுதான்! புக்கிட் சாகாரைச் சுற்றி வானம் தொடும் அடுக்குமாடிகள் எழுகின்றன, வாடகையும் கூடவே எழுகிறது. சிங்கப்பூர்ச் சம்பளக்காரரை நம்பித்தான் இந்த விலை என்று ஜோகூர்ச் சம்பளக்காரர் முணுமுணுக்கிறார். மறுகரையில் உட்லண்ட்ஸ் கடைக்காரர், ஐந்து நிமிடத்தில் மூன்று மடங்கு மலிவு கிடைத்தால் என் கடைக்கு யார் வருவார் என்று இப்போதே கணக்குப் போடுகிறார். ரயிலில் போகிறவரை முக்கால் டேங்க் நிரப்பச் சொல்லவும் முடியாதே!